பொத்துவில் காட்டில் நான் போட்ட பத்துச் சிவப்பு வளையங்கள்

தொண்ணூறுகளின் நடுவில், முப்பத்திரண்டு வயதில், பொத்துவில் பக்கக் காட்டுக்குப் போனேன். எந்த மரத்தை வெட்டலாம், எதை விடவேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்யும் மூன்று நாள் பயிற்சி. தேறினால் காட்டுக் காவலர் வேலை நிரந்தரம். தவறினால் மாமாவின் மரக்காலையில் மறுபடி பலகை சுமக்க வேண்டும். இனிச் சுமப்பதில்லை என்ற முடிவோடுதான் பஸ் ஏறினேன்.

கல்முனையில் காலை ஆறு மணி பஸ், டிக்கட் பதினெட்டு ரூபாய். எழுபது கிலோமீற்றர்தான். சோதனைச் சாவடிகளில் இறங்கி, அடையாள அட்டை காட்டி, நடந்து, ஏறியதில் பத்தரையாகிவிட்டது. பிறகு நாலு கிலோமீற்றர் நடை. செருப்போடு போனது என் மடத்தனம், முள் சும்மா விடவில்லை.

பயிற்சி தந்தவர் திருக்கோவில் ஊர்க்காரர் சுதன், என்னைவிட ஆறு வயது இளையவர். பெயின்ட் டின்னைத் தந்து, வெட்டவேண்டிய பத்து மரங்களுக்கு வளையம் போடச் சொன்னார். மரக்காலையில் பன்னிரண்டு வருடம் நின்றவனுக்கு இது ஒரு வேலையா? தட்டிப் பார்த்து, கட்டிப்பிடித்து அளந்து, நேரான முதிரை மரங்களுக்கே வளையம் போட்டேன். அரைமணியில் முடித்த பெருமை வேறு.

சுதன் சிரித்துவிட்டார். எங்கள் முஸ்லிம் ஊர்களில் அண்ணனைக் கூப்பிடும் முறையிலேயே என்னைக் கூப்பிட்டார். “காக்கா, நிலைக்கும் கதவுக்கும் நல்ல மரமாத்தான் பாத்திருக்கிறீங்க. இதெல்லாத்தையும் வெட்டினா நாளைக்கு விதை போடுறது ஆரு? அந்தக் கோணல் மரமா?”

வெட்கத்தில் காது சுட்டது. மறுநாள் முழுக்க மர உச்சிகளைப் பார்த்தே நடந்தேன். எது எதன் வெயிலை மறைக்கிறது என்று பார்த்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் சோதனை. இரண்டு இளம் முதிரைகளின் மேல் கவிந்து நின்ற கோணல் பாலை மரத்துக்கு வளையம் போட்டேன்.

“ஏன் இது?” என்றார் சுதன்.

“இது போனா இந்த ரெண்டுக்கும் வெயில் விழும் சேர்.”

“அப்ப அந்தப் பெரிய முதிரை?” முதல்நாள் நான் முதலாவதாக வளையம் போட்ட மரம் அது.

“அது நிக்கட்டும் சேர். அதுதான் இதுகளைப் பெத்த உம்மா.”

“ஓம். தேறிட்டீங்க காக்கா. ஆனா வெட்டுற ஆக்கள் நாளைக்கு வாறாங்க. அவங்க வளையத்தைத்தான் பாப்பாங்க, காரணம் கேக்கமாட்டாங்க.”

முதல்நாள் போட்ட பத்து வளையங்களும் அப்படியே இருந்தன. மூன்று மணிக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுக் கத்தியால் சுரண்டினேன். விரல் கொப்பளித்தது. ஆறு மணிக்குப் பத்தாவதும் போயிற்று.

அந்தக் காட்டுக்குப் போகிறவர்கள் காலுக்குச் சப்பாத்தும் இரண்டு போத்தல் தண்ணீரும் கொண்டுபோங்கள். வளையம் போடும் வேலைக்கென்றால் கத்தியும் வேண்டும். இடுப்பளவில் மங்கிய சிவப்புக் கறையோடு ஒரு பெரிய முதிரையைக் கண்டால், அது என்னிடமிருந்து தப்பிய மரம். தட்டிப் பார்க்க வேண்டாம், அண்ணாந்து பாருங்கள்.