முன்னோர் மேசைக்கடியில் இருநூறு ஹெர்ட்ஸ்

இருநூறு ஹெர்ட்ஸ். பாவ்ஷியா தன் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் வைத்திருந்த எண் அது. வாங்கும்போது எண்பதில் இருந்தது. எண் ஏற ஏறப் படத்தில் வரும் இடிச் சத்தமும் ஏறும் என்று நம்பி அவளே ஏற்றினாள். மிளகாய்த்தூளையும் அப்படித்தான் போடுவாள்.

சியாயி நகரில் காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறவள். விடிவதற்கு வெகு முன்பே சோயாப் பால் காய்ச்ச எழுகிறவளுக்குத் தியேட்டர் இருட்டு என்றாலே தூக்கம். டிக்கெட் வாங்கிக் குறட்டை விட்டதுதான் மிச்சம். அதனால் கடை மூடிய மதியங்களில் வீட்டிலேயே படம் பார்க்க ஐந்து சின்ன ஸ்பீக்கரும், கனத்த ஒலிக்கென்றே ஒரு சப்வூஃபர் பெட்டியும் வாங்கினாள். கூடத்தில் அந்தக் கறுப்புப் பெட்டிக்குக் கிடைத்த காலி இடம், இறந்த முன்னோரை வைத்துக் கும்பிடும் மேசைக்கு அடியில்.

மாமனாரின் நினைவு நாளன்று அவள் அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் டிவி தொடர் ஓடியது. கணவன் வென்லாயின் அண்ணன் தியென்லாய் வந்து, ஊதுபத்தியைக் கொளுத்தி, டிவிக்கு முதுகு காட்டி மேசை முன் நின்றார். வயது எழுபதை நெருங்குகிறது. மெல்லிய ஒலி காதில் விழாது, கனத்த ஒலிதான் விழும். தொடரில் ஓர் அப்பா மகனை அதட்டினார்.

“இத்தனை நாளா எங்கடா போயிருந்தே?”

மேசைக்கடியிலிருந்து வந்தது குரல்.

மூத்தவர் அப்படியே மண்டியிட்டார். “அப்பா, மன்னிச்சுடுங்க. ஹொக்கைடோ போயிருந்தேன். பனி பாக்கணும்னு ஆசை. இடுப்பு வலின்னு சொன்னதெல்லாம் பொய்.”

ஏப்ரலில் கல்லறை சுத்தம் செய்யும் நாளுக்கு அவர் வராததற்கு இடுப்பு வலிதான் காரணம் என்று குடும்பமே நம்பியிருந்தது. பாவ்ஷியா தைலம்கூட அனுப்பியிருந்தாள். இப்போது கரண்டியோடு அடுக்களை வாசலுக்கு வந்தாள்.

“அண்ணே, அது டிவி,” என்றான் பழத்தட்டோடு வந்த வென்லாய். “பனி நல்லா இருந்துச்சா?”

மூத்தவர் முகம் ஊதுபத்தி நுனிபோலச் சிவந்தது. “இந்தப் பெட்டி இன்னைக்கே வீட்டை விட்டுப் போகணும். அப்பா இருக்கிற எடத்துல எவனோ உக்காந்து பேசுறான்.”

அந்த வீட்டில் மூத்தவர் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. பெட்டி போனால் இடி போகும். இடி இல்லாத போர்ப்படத்தைப் பாவ்ஷியா எதற்காகக் கண்விழித்துப் பார்க்க வேண்டும்?

“பெரிய மச்சான், இடிக்கத்தான் இதை வாங்கினேன், பேச இல்ல. நான்தான் ஏதோ தப்பா வச்சிருக்கேன். மீன் ஆறுறதுக்குள்ள பாத்துடுறேன்.”

ரிமோட்டோடு தரையில் உட்கார்ந்தாள். ஆம்ப்ளிஃபயரில் அவள் ஏற்றிய எண் ஒரு எல்லைக்கோடு. அதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்கு, மேலுள்ளது சின்ன ஸ்பீக்கர்களுக்கு. கோட்டை இருநூறுக்கு ஏற்றியதால் ஆண்குரலின் கனமெல்லாம் மேசைக்கடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதட்டும் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். நூற்றைம்பதில் அப்பா இன்னும் மேசைக்கடியில்தான் இருந்தார். நூற்றிருபதில் பாதி வெளியே வந்தார். எண்பதில் டிவிக்கே போய்விட்டார், ஆனால் சின்ன ஸ்பீக்கர் திணறித் தொண்டை கட்டியது. தொண்ணூறில் நிறுத்தினாள். குரல் டிவியிலிருந்து தெளிவாக வந்தது; அடுத்து இடித்த இடி மட்டும் தரையோடு வந்து காலைத் தொட்டது.

“எத்தனை தடவைதான் திட்டுவான் அந்த ஆளு?” என்று முனகினார் மூத்தவர். கோபம் பாதி இறங்கியிருந்தது. “சரி, அப்பாவையே கேட்டுடுவோம்.”

முன்னோரிடம் குறி கேட்க மேசைமேல் வைத்திருந்த பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டையும் கையில் எடுத்தார். “அப்பா, இந்தப் பெட்டி இருக்கலாமா?” போட்டார். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தன. அப்பா பதில் சொல்லாமல் சிரிக்கிறார் என்று அர்த்தம். மறுபடி போட்டார். மறுபடி சிரிப்பு.

“உன் இடுப்பை நினைச்சுச் சிரிக்கிறாரு,” என்றான் வென்லாய்.

“வாயை மூடுடா.”

“கேள்வி சரியில்ல, பெரிய மச்சான்,” என்றாள் பாவ்ஷியா. “எங்க இருக்கலாம்னு கேக்கணும். அவர் காலடியில வேண்டாம், டிவி பக்கத்துல இருக்கட்டுமான்னு கேளுங்க.”

கேட்டார். கட்டைகள் உருண்டன. ஒன்று தட்டைப் பக்கம் மேலே, ஒன்று கவிழ்ந்து. சம்மதம்.

அண்ணனும் தம்பியும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து டிவி அருகே நகர்த்தினார்கள். இடுப்பைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. மீன் ஆறிவிட்டது, ஆறிய மீனைத் தின்றபடி மூத்தவர் அந்த மகன் எங்கேதான் போயிருந்தான் என்று தெரிந்துகொள்ளத் தொடரை முடிவுவரை பார்த்தார்.

சனிக்கிழமை மதியம் கடை மூடியதும் போர்ப்படம். மூத்தவர் மனைவியோடு வருகிறார்; சியாயிக்குப் பேர்போன வான்கோழிச் சோறு அவர் வாங்கி வருவதாகப் பேச்சு.