சுவரில் எழுதிய ஆறு ரூபாய்

எந்த நாட்டு அரசாங்கம் தன் வரவு செலவைக் குடிமக்களுக்குத் திறந்து காட்டுகிறது, எது மூடி வைக்கிறது என்று உலகம் முழுவதற்கும் வரிசை போடுகிறார்களாம். பேப்பரில் வந்த அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன். எழுத்து பொடிசு. கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று மகனிடம் சொல்லி எத்தனை மாதமாகிறது என்பது தனிக் கணக்கு. படித்து முடித்ததும் நான் வேலை பார்த்த பஞ்சாயத்து ஆபீஸின் சுவர்தான் நினைவுக்கு வந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில், உத்தமபாளையத்துக்குத் தெற்கே கம்பம் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் நான் பஞ்சாயத்துக் கிளார்க்காக இருந்தேன். எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா முடிந்தால், வரி கொடுத்த குடும்பங்களைக் கூட்டி வைத்து வரவு செலவை வாசித்தாக வேண்டும். வாசிக்காவிட்டால் அடுத்த வருஷம் வரி வராது. பஞ்சாயத்துத் தலைவர் நெல்லும் வாழையும் போட்டவர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் என்னிடம், "சாமி காசுக்குக் கணக்குச் சொல்றோம். ஊர்க் காசுக்குச் சொல்ல வேணாமா?" என்று கேட்டார். அந்த மார்கழியில் ஆபீஸின் தெருப்பக்கச் சுவரில் கரியைக் குழைத்து எல்லாவற்றையும் எழுதினேன். வீட்டுவரி, கண்மாய் மீன் குத்தகை, புளியமரக் குத்தகை, தெருவிளக்கு பல்பு, பிளீச்சிங் பவுடர், பஞ்சாயத்து ரேடியோ ரிப்பேர், கடைசியில் கையிருப்பு. மொத்தம் இருபத்திரண்டு வரிகள்.

எதிரே டீக்கடை. குடிக்க வந்தவர்கள் எல்லாரும் தினமும் அந்தச் சுவரைப் பார்த்துச் சண்டை போட்டார்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். தலைவர் சிரித்துக்கொள்வார்.

எழுதியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊரின் கடைசியில் இருந்த மேட்டுத் தெருவுக்குக் குழாய் கிடையாது. அந்தப் பெண்கள் வாய்க்காலுக்குப் போய்த் தண்ணீர் சுமந்தார்கள். பங்குனிக்குள் வீட்டுவரியை வசூலித்துவிட்டால் சர்க்கார் அதற்கு ஈடாக ஒரு மானியம் தரும். அந்தப் பணத்தில்தான் குழாய். கணக்கைப் பார்த்தால் ஜனங்கள் மனமொப்பி வரி கட்டுவார்கள் என்பது தலைவரின் நம்பிக்கை.

பொங்கலுக்கு என் சொந்த ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன். சுவர் பாலாய் வெளுத்திருந்தது. அதன் மேல் வரிசையாகக் காவிப் பட்டை வேறு. ஓர் எழுத்து இல்லை. கணக்கு நோட்டுகளோ தணிக்கைக்கு உத்தமபாளையம் போயிருந்தன. எப்போது வரும் என்று ஆபீஸில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நகல் எடுத்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன கிளார்க்கு, வீட்டுக்குத்தேன் வெள்ளையடிப்பாக. நீ கணக்குக்கே அடிச்சுட்டியா?"

"காவிப் பட்டை போட்டு அழகாத்தேன் முழுங்கியிருக்கான்!"

"சுவரக் காட்டு, வரியக் கட்டுறோம். போ."

வரி ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். வேலை போய்விடுமோ என்று ஒரு பயம், பெயர் போய்விட்டதே என்று ஒரு பயம். அப்போது தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த மேட்டுத் தெரு அக்கா ஒருவர் நின்றார். பேச்சைக் கேட்டுக் குடத்தை இறக்கினார். களையெடுக்கப் போகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது.

"ஏலே, அந்தத் தம்பிய ஏன் வையுறீக? நான்தேன் அடிச்சேன்."

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"எங்க தெருவுக்குக் குழா போடப்போறாகன்னு சொன்னாக. நல்ல நாளும் அதுவுமா பஞ்சாயத்துச் சுவரு கரிக் கிறுக்கலாக் கெடக்கேன்னு, ஆபீசும் கடையும் பூட்டிக் கெடந்த அன்னைக்கு, வீட்டுக்கு அடிச்ச மிச்சச் சுண்ணாம்பக் கொண்டாந்து பூசி, காவிப் பட்டையும் போட்டுவிட்டேன். அங்கன இருந்தது கணக்குன்னு எனக்கு யாரு சொன்னாக? ஒருத்தராச்சும் வாசிச்சுக் காட்டுனீகளா?"

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "பல்புச் செலவ நான் சொல்றேன், எழுது. நாலு பல்பு. எங் கட முன்னால எரியலன்னு நான்ல சண்ட போட்டேன்" என்றார். மீன் குத்தகை எடுத்தவர் தன் தொகையைப் பைசா பிசகாமல் சொன்னார். ரேடியோ ரிப்பேரை மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள், அவ்வளவு வயிற்றெரிச்சல். யார் யார் எந்த வரிக்காகச் சண்டை போட்டார்களோ அந்த வரி அவர்களிடம் பத்திரமாக இருந்தது. எந்தச் சண்டைகளுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினேனோ அவைதான் அன்று என்னைக் காப்பாற்றின. அந்த வாய்களுக்கெல்லாம் நான் இன்றுவரை கடமைப்பட்டவன்.

இருபத்தொரு வரிகள் வந்துவிட்டன. கூட்டிப் பார்த்தால் ஆறு ரூபாய் இடித்தது. ஒரு செலவு யாருக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை. தலைவர் வீட்டுக்குப் போய், என் கையிலிருந்து ஆறு ரூபாய் போட்டுக் கையிருப்பைச் சரிக்கட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"அப்பப் பொய்க்கணக்குல்ல ஆகும்? ஆறு ரூவாய்க்குச் செலவு ஞாபகமில்லன்னு எழுது."

"சிரிப்பாகளே!"

"சிரிக்கட்டும். எழுதிட்டு, சாயங்காலம் ரேடியோவுல செய்தி போடுறதுக்கு முன்னால வாசிச்சும் விடு. அந்த மேட்டுத் தெருப் பிள்ள கேட்டது நியாயந்தேன்."

மறுபடியும் சுவரில் கரியால் எழுதினேன். சாயங்காலம் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு வாசித்தேன். ஆறு ரூபாய் என்ற இடம் வந்ததும் சிரித்தார்கள். ஆனால் மறுநாள் காலை வரி கட்ட முதலில் வந்தவர், என்னை அதிகம் கேலி செய்த ஆள். "தெரியலன்னு எழுதுனீகல்ல, அதுக்குத்தேன்" என்று சொல்லி ரசீதை மடித்து மடியில் செருகிக்கொண்டார். பங்குனிக்குள் வரி சேர்ந்துவிட்டது.

நோட்டுகள் தணிக்கையிலிருந்து திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்த ஆறு ரூபாயைத் தேடினேன். பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு வாங்கிய டீ. எதிர்க் கடையில் வாங்கியதுதான். மற்றதற்கெல்லாம் சண்டை போட்டவர்கள் தாங்கள் குடித்ததற்கு மட்டும் போடவில்லை. குடிக்கக் கொடுத்தவருக்கும் மறந்துவிட்டது. அதையும் வாசித்தேன். ஊரே டீக்கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தது.

இப்போது நான் இருக்கும் அல்லிநகரத்தில் கணக்கு நோட்டீஸை ஆள் உயரத்துக்கு மேல் ஒட்டுகிறார்கள். கழுத்து வலிக்கிறது. யாரும் சண்டை போடுவதில்லை, அதுதான் எனக்குக் கவலை.

அன்று வரி சேர்ந்து மானியமும் வந்து, அடுத்த ஆவணியில் மேட்டுத் தெருவுக்குக் குழாய் வந்தது. தெருவே குடத்தோடு நின்றது. தலைவர், சுண்ணாம்பு அடித்த அந்த அக்காவையே குழாயைத் திறக்கச் சொன்னார். குழாயில் கையை வைத்தவர், திருகவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு எம்புட்டு ஆச்சு? வாசிங்க தம்பி, கேப்போம்."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தேன். பைப், சிமெண்டு, கூலி என்று ஏழு வரிகள். முடியும் வரை ஒருவரும் குடத்தை நகர்த்தவில்லை.

"இதுல டீக் காசு இருக்கா?"

"இல்லக்கா."

"அப்பச் சரி" என்று குழாயைத் திருகினார்.