நல்ல சாவு என்று சொன்னோம்

காலில் முள்ளுக்கம்பி ஏறியதற்கு ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போடத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காயத்தைப் பார்த்த டொக்டர், ஒரு இளம் பெண்பிள்ளை, குதிக்காலுக்கு மேலுள்ள தசைநாரைத் தடவிப் பார்த்தா. அது தடித்திருந்தது. பிறகு கண்ணுக்கு ரோச் லைற் அடித்தா. கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையமாம்.

"ஐயா, உங்கடை அப்பா என்னத்தாலை மோசம்போனவர்?"

"அவருக்கு நல்ல சாவு, டொக்டர். தோட்டத்திலை பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறிக்கொண்டு நிண்டவர், அப்பிடியே சரிஞ்சிட்டார்."

"என்ன வயசு?"

"நாப்பத்தாறு."

"அவரின்ரை அப்பா?"

"அவரும் அப்பிடித்தான். குடுத்து வைச்ச மனிசர்."

அவ இரத்தச் சோதனைக்குத் துண்டு எழுதினா.

கோப்பாயில் எங்கள் வீட்டு ஆண்கள் படுக்கையில் கிடந்து அழுந்துவதில்லை. அதைச் சிவன் தந்த கொடை என்றே நினைத்திருந்தோம்.

இரத்தத்தில் கொழுப்பு மிகக் கூட. தின்றதால் வந்ததல்ல, பிறக்கும்போதே வந்தது (பரம்பரைக் கொழுப்பு நோய்) என்றார்கள். ஈசீஜீயில் (இதயத் துடிப்பைக் கோடாய் வரையும் சோதனை) பிழை இல்லை. எனக்கு ஆறுதல். டொக்டர் விடவில்லை. சி.ரி. ஸ்கான் எடுத்தபோதுதான் தெரிந்தது: முடியுரு நாடிகளில் (இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் குழாய்கள்) கொழுப்புப் படிந்து சுண்ணாம்பாய் இறுகியிருந்தது. அன்று காலையும் வாழைக்குலை தூக்கிச் சைக்கிளில் கட்டியவன் நான். ஒரு நோவும் இல்லை.

"சகோதரங்களையும் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றா.

எனக்கு இருந்தது ஒரு அண்ணை. கூப்பிடப் போனபோது, வாசல் படலையில் நின்றபடியே சிரித்தார்.

"உனக்குப் பயம் பிடிச்சிட்டுது. நான் தேருக்குப் பிரதட்டை அடிச்சவன். நெஞ்சு பழுதெண்டால் கோயில் வீதியிலை உருள ஏலுமே?"

"எனக்கும் நோகேல்லை அண்ணை. படத்திலைதான் தெரிஞ்சது. ஒருக்கா வாங்கோ."

"அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்தால் போதும். நீ கிடந்து இழுபட்டுச் சா, போ."

போய்ப் போய்க் கேட்டேன். தை பிறக்கட்டும் என்றார். பிறகு வெங்காயம் கிண்டி அறுவடை முடியட்டும் என்றார். வெங்காயம் கிண்டிய அன்றே, அதைப் பிடிபிடியாய்க் கட்டிக்கொண்டிருந்தவர் சரிந்தார். ஓட்டோவில் ஏற்றும்போதே உடம்பு குளிர்ந்துவிட்டது.

செத்தவீட்டுக்கு வந்த சனம் அண்ணியிடம் சொன்னது: "ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காத சாவு, பிள்ளை. புண்ணியம் செய்த மனிசன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. பறைச் சத்தத்துக்கு மேலால் கத்திவிட்டேன். "புண்ணியம் இல்லை, நெஞ்சு வருத்தம்! பிள்ளையளுக்கும் இருக்கும்!"

"உவனைக் கொண்டுபோய்த் தண்ணி குடுங்கோ," என்றது ஒரு குரல்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் அண்ணையின் மகள் தானாக வந்தாள். "சித்தப்பா, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ." இருபத்திரண்டு வயது. அவளுக்கும் இருந்தது. கழுத்து நாடியை ஸ்கான் செய்தபோது, அதன் சுவர் இப்போதே தடிக்கத் தொடங்கியிருந்தது. எனக்குத் தந்த கொழுப்புக் குளிசையையே (மாத்திரை) அவளுக்கும் டொக்டர் எழுதினா.

"எவ்வளவு காலம் குளிசை போடவேணும், டொக்டர்?"

"சாகும்வரைக்கும்."

"அப்ப கனகாலம் போடவேணும்," என்றாள். டொக்டர் சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் வீட்டிலும் இளவயதில் சட்டென்று போனவர்கள் இருந்தால், நோவு வரும்வரை காத்திருக்காதீர்கள். பிள்ளைகளையும் காட்டுங்கள், நான் என் பிள்ளைகளைக் காட்டியதுபோல.

நோகாத உடம்பை நான் இப்போது நம்புவதில்லை. குனிந்து பாத்தி கட்டும்போதும், உள்ளே ஏதோ சத்தமில்லாமல் நடக்கிறது என்ற நினைப்பு. கோயிலில் கேட்பதும் மாறிவிட்டது. சிவனே, எனக்கும் அவளுக்கும் முதுமையைத் தா. என்னைத் தூக்கிக் குளிப்பாட்டி என் பிள்ளைகள் அலுக்கும்வரை வைத்திரு.