மணி அடித்தால் திரும்பும் கை

அந்தச் சாவி இன்னும் என் சாவிக்கொத்தில்தான் தொங்குகிறது. வீட்டில் எந்தப் பூட்டுக்கும் சேராத, உருண்டைத் தலைச் சாவி. சூதாட்ட இயந்திரத்தில் பெரிய பரிசு விழுந்து மணி அடிக்கும்போது, பணத்தைக் கொடுத்து முடித்தபிறகு இதைப் பக்கவாட்டுத் துளையில் நுழைத்துத் திருப்பினால் மணி அடங்கும். "அந்தச் சனியனத் தூக்கித்தான் போடேன்டா" என்று அக்கா திட்டாத நாளில்லை. போட முடியவில்லை, என்ன செய்ய!

அக்காவைக் கட்டிய மாமாவும் நானும் புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தோம். சொகுசுக் கப்பல்களில் ஓடிப் பழுதான சூதாட்ட இயந்திரங்கள் அங்கே வரும். சரிசெய்தபின் சோதனைக்காக, பெரிய பரிசுக்கான மூன்று ஏழுகளைத் திரையில் வரிசையாக நிற்க வைப்போம். மணி அடித்தால் மணி வேலை செய்கிறது, அவ்வளவுதான். சாவியைத் திருப்பு, சுவிட்சை அணை, அடுத்ததற்குப் போ. நாள் முழுக்க இதே கூத்து. ஊர் உலகம் தவம் கிடக்கிற அந்த மூன்று ஏழுகளை நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டோம். மாமா டீயை உறிஞ்சிக்கொண்டே கையை மட்டும் நீட்டி அணைப்பார்.

பிறகு இருவருக்கும் கப்பலிலேயே வேலை கிடைத்தது. ஒரு பயணத்தில் புதுச்சேரி மதாம் ஒருவர், பிரெஞ்சுக் குடியுரிமைக்கார அம்மாள், வந்திருந்தார். நாங்கள் முதலியார்பேட்டை என்றதும் ஒட்டிக்கொண்டார். பிரான்சிலிருக்கும் மகன் பிறந்தநாளுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுப்பானாம், முட்டி ஆபரேஷன் என்றால் மட்டும் பேச்சை மாற்றுவானாம். "பெருசா ஒண்ணு உழுந்துச்சின்னா ரெண்டு முட்டியும் மாத்திக்குவேன். கோயில் படிய யார் கையும் புடிக்காம ஏறுவேன் பாரு" என்று தினமும் அதே இயந்திரத்தின் முன் உட்காருவார்.

அந்த இயந்திரத்தில் ஒரு கோளாறு. மின்சாரம் போனாலும் கடைசி ஆட்டத்தை நினைவில் வைக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தது. மாற்று பேட்டரி அடுத்த துறைமுகத்தில்தான். சுவிட்சை அணைக்காதவரை பாதகமில்லை என்று ஓடவிட்டிருந்தார்கள்.

அன்று மாமா பக்கத்து இயந்திரத்தின் கதவைத் திறந்துவைத்து, தரையில் உட்கார்ந்து, உள்ளே சிக்கிய நோட்டை இடுக்கியால் இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு இயந்திரங்களின் சுவிட்சும் ஒரே பீடத்துக்குள் இருந்தன. மணி அடித்தது. "மோன் தியே!" என்று மதாம் பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு அலறினார். மாமா தலையைத் தூக்கவில்லை. இடது கை இடுக்கியிலேயே இருக்க, வலது கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது, சுவிட்சையும் அணைத்தது. திரை கறுத்துப்போனது. விழுந்தது என்னவென்ற பதிவும் அதோடு போயிற்று.

"இன்னாப்பா பண்ணிட்ட? அடப்பாவி, இன்னாப்பா பண்ணிட்ட நீ?" மதாமின் குரல் இப்போதும் காதில் கேட்கிறது.

மேனேஜர் ஓடிவந்தார். பக்கத்து இயந்திரத்தின் திறந்த கதவு, மேலேயிருந்த கேமராவை மறைத்திருந்தது. மூன்றும் ஏழுதான் என்று மதாம் சத்தியம் செய்தார். நீ என்ன பார்த்தாய் என்று மாமாவிடம் கேட்டார்கள். ஏழு என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் மதாமுக்கு முட்டி கிடைத்திருக்கும். மிஷின் தானாக அணைந்தது என்று சொல்லியிருந்தால் மாமாவுக்கு வேலை தங்கியிருக்கும். "மணி அடிச்சிது சார். நான்தான் அணைச்சேன். ஆனா பாக்கல. எப்பவுமே பாக்க மாட்டேன் சார்."

எதிரில்தான் நின்றேன். என்னிடமும் கேட்டார்கள். நானும் திரையைப் பார்க்கவில்லை, மாமாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி கேட்டதும் என் கையும் இடுப்புச் சாவிக்குப் போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

கோளாறான இயந்திரத்தில் விழுந்தது செல்லாது என்று முடித்துவிட்டார்கள். மாமாவை அடுத்த துறைமுகத்தில் இறக்கினார்கள். நானும் அவரோடு இறங்கிவிட்டேன். அவர் இப்போது முதலியார்பேட்டையில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறார். கடைக்கு வருகிறவர்கள் சைக்கிள் மணி அடித்தால் எரிந்து விழுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வழியாக இருவரும் வந்துகொண்டிருந்தோம். படிக்கட்டின் கீழே தடியை ஊன்றிக்கொண்டு, ஏற்றிவிட ஆள் வருமா என்று பார்த்து நின்றார் மதாம். எங்களைக் கண்டுகொண்டார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது. மாமாவின் வலது கை காற்றில் ஒரு திருப்புத் திருப்பியது.

மதாம் அந்தக் கையையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இப்பவாச்சும் நிமிந்து பாருப்பா" என்றார்.

மாமா நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தார். கண்ணீர் வழிந்தது. பிறகு மதாமின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றத் தொடங்கினார். இன்னொரு கையைப் பிடிக்க நானும் ஓடினேன். மணி கேட்டபோதே என் வலது கை சட்டைப்பைக்குள் போயிருந்தது. விரல்களுக்கு நடுவில் அந்தச் சாவி, பாதி திரும்பியிருந்தது.