நடக்காத எட்டு மீட்டிங்

இந்த மாதம், ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எட்டு போர்டு மீட்டிங்கில் கலந்துகொண்டேன். எட்டும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். எட்டும் நடக்காத மீட்டிங்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

என் கணவர் வெங்கிட்டு நான்கு வருஷத்துக்கு முன்னால் நல்ல வேலையை விட்டுவிட்டு ஒரு ஸ்டார்ட்-அப் ஆரம்பித்தார். எங்கள் மலையாள ஊரின் பெரிய கடைத்தெரு சாலை பஜார்; அங்குள்ள மொத்த வியாபாரிகள், குடோனில் எத்தனை மூட்டை அரிசி இருக்கிறது, எந்தப் பருப்பு தீர்ந்துவிட்டது என்று போனிலேயே பார்த்துக்கொள்ள ஓர் ஆப். ஒரு ஹார்டுவேர் கடைக்கு மாடியில் ஆபீஸ். ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு டைரக்டர் வேண்டுமாம். எங்கள் வலியசாலை வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அப்படித்தான் நான் டைரக்டர் ஆனேன்.

டைரக்டராக என் வேலை என்ன தெரியுமா? பேப்பரில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதன்மேல் கையெழுத்துப் போட வேண்டும். “இங்கே ஒரு ஒப்பு போடு” என்பார். போடுவேன். குக்கர் விசிலுக்கு நடுவில் போட்டிருக்கிறேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டிருக்கிறேன். என்ன ஏது என்று ஒருநாளும் படித்ததில்லை. கணவர் கம்பெனியில் டைரக்டராக இருக்கும் பெண்களே... உங்களில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள், பார்க்கலாம்.

இந்த வருஷம் நிலைமை மோசம். வெளியிலிருந்து முதலீடு வராவிட்டால் கம்பெனி ஓணத்தைத் தாண்டாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நல்லவேளை, கொச்சியில் ஒரு முதலீட்டாளர் கிடைத்தார். வந்தார், ஆபீஸைப் பார்த்தார், கடைக்காரர்களோடு டீ குடித்தார், பிடித்திருக்கிறது என்றார். இனி ‘டியூ டிலிஜென்ஸ்’ மட்டும்தான் பாக்கி என்றார்.

மட்டும்தானாம்!

பணம் போடுகிறவர், போடுவதற்கு முன்னால், கம்பெனியின் பெட்டியைத் திறந்து அடியில் கிடக்கும் துண்டுச் சீட்டுவரை எடுத்துப் பார்ப்பார். அதற்குத்தான் அந்தப் பெயர். என்னென்ன வேண்டும் என்று பதினொரு பக்கத்துக்கு ஒரு பட்டியல் வந்தது. வீடே கலைந்தது. ஆபீஸ் வாடகை ஒப்பந்தம் சுவாமி அலமாரியில், விபூதி சம்புடத்துக்கு அடியில் இருந்தது. கம்பெனி பதிவுச் சான்றிதழை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தோம் — ஸ்கேன் செய்ய ஆணியைப் பிடுங்கினோம், சுவரில் ஒரு துண்டு காரையும் சேர்ந்து வந்தது.

ஸ்கேன் செய்ததெல்லாம் ஜெபா. மார்த்தாண்டத்துப் பெண். கடைக்காரர்களோடு போனில் மல்லுக்கட்டுவது அவள் வேலை. முதல் நாளிலிருந்து எங்களோடு இருக்கிறாள்.

“அக்கா, இந்த முதலீடு வந்துட்டுன்னா நமக்கெல்லாம் வேல நெலச்சு நிக்கும், இல்லியா?” என்று கேட்டாள்.

“நிக்கும்டி” என்றேன். டைரக்டர் அல்லவா? தைரியமாகச் சொன்னேன்.

பட்டியலில் எல்லாம் முடிந்து கடைசியில் ஒன்று நின்றது. கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து நடந்த போர்டு மீட்டிங்குகளின் மினிட்ஸ். எங்களைப் போன்ற சின்னக் கம்பெனியும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கூட்டம் போட்டு, என்ன பேசினோம் என்று எழுதி வைக்க வேண்டும். நான்கு வருஷம், எட்டுக் கூட்டம். நாங்கள் எத்தனை போட்டோம்?

ஒன்றுகூட இல்லை.

“நடக்கலைன்னு எழுதிக் குடுத்துடலாமே?” என்றேன்.

“பைத்தியமா நோக்கு? இத்தனை தூரம் வந்துட்டு அவா ஓடிப் போயிடுவா. எல்லாரும் பண்றதுதான். வெறும் ஃபார்மாலிட்டியாக்கும்.”

சரி, எட்டுத் தேதி வேண்டும். ஏதோ எட்டுத் தேதியைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? அதுதான் இல்லை. போனில் பஞ்சாங்க ஆப்பைத் திறந்தார். பழைய வருஷத்துக்குப் போய் ஒவ்வொரு நாளாகப் பார்க்க ஆரம்பித்தார். ராகு காலம் கூடாது. எமகண்டம் கூடாது. அஷ்டமி, நவமி கூடவே கூடாது.

“ஏன்னா, நடக்காத மீட்டிங்குக்குப் போய் நாள் பார்க்கணுமா?”

“கம்பெனிக் காரியம். வெறுதே ஒரு நாளைப் போட்டா சரியாவுமா? சும்மா இரு.”

எங்கள் அக்ரஹாரத் தெருக்காரர்களால் மட்டும்தான் இது முடியும். பொய் சொல்லலாம், ஆனால் நல்ல நேரத்தில் சொல்ல வேண்டும்!

மூன்று மணி நேரத்தில் எட்டு மினிட்ஸும் தயார். மொத்தம் நான்கு பேனா, வெவ்வேறு மை. பெருக்கல் குறிமேல் வரிசையாக ஒப்பு போட்டேன். அன்றைக்கு மட்டும், வாழ்க்கையில் முதல்முறையாக, என்ன எழுதியிருக்கிறது என்று படித்தும் பார்த்தேன். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் தருகிறேன். ‘வாடிக்கையாளர்கள் விலகுவது குறித்து இயக்குநர் அவர்கள் கவலை தெரிவித்தார். தலைவர் அதைக் கவனமாகக் கேட்டு, விரிவாக விளக்கமளித்தார்.’

கவனமாகக் கேட்டாராம். விரிவாக விளக்கினாராம். நிஜத்தில், “கம்பெனி எப்படிப் போறது?” என்று நான் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில் “அப்பறம் சொல்றேன்”. மூன்றாவது மீட்டிங் நடந்ததாகப் போட்டிருந்த வாரத்தில் எங்களுக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது. காரணம் இப்போது வேண்டாம். பேப்பரில் இருந்த அந்தத் தம்பதி மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. எவ்வளவு பேசியிருக்கிறார்கள்!

பத்து நாள் கழித்து வீடியோ கால். முதலீட்டாளரின் வக்கீல் பெயர் ரேஷ்மா. முப்பது வயதுகூட இருக்காது. வேலை கொச்சியில், வீடு இங்கே கரமனையில். அரை மணி நேரம் எல்லாம் நன்றாகப் போனது. சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். அப்புறம் ஒரு பேப்பரை எடுத்தாள்.

“மேடம், ஆறாவது மீட்டிங். சாலை ஆபீஸ், பகல் பதினொரு மணி. ரெண்டு பேரும் நேரில் ஹாஜர்...” கொஞ்சம் தயங்கினாள். “அன்னு பொங்காலையல்லே?”

அன்றைக்குப் பொங்காலைதானே என்று கேட்கிறாள்.

ஆற்றுகால் பொங்காலையைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் நம்புவது கஷ்டம். பகவதிக்குப் பொங்கல் வைக்க, கோயிலைச் சுற்றிப் பல மைலுக்கு, ஒவ்வொரு தெருவிலும் பெண்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் மூன்று செங்கல், ஒரு பானை. பஸ் ஓடாது. சாலை பஜாரில் ஒரு ஷட்டர் திறக்காது. ஆண்கள் ஓரமாக நின்று மோர் கொடுப்பார்கள். பத்தரை மணி சுமாருக்கு அடுப்பு பற்றவைத்தால் ஊரே புகை. பதினொரு மணிக்கு, அந்தப் புகைக்கு நடுவே, மாடியில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களைப் பற்றிக் கவலை தெரிவித்தேனாம் நான்!

பஞ்சாங்க ஆப் தமிழ்நாட்டுக்காரர்கள் செய்தது. அதில் மாசி மாதம் இருந்தது, பௌர்ணமி இருந்தது, சித்த யோகம் இருந்தது. பொங்காலை இல்லை. சமையலறையில் தொங்கும் மலையாளக் காலண்டராக இருந்தால் சிவப்பு எழுத்தில் கத்தியிருக்கும். எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா? கும்ப மாதம் (நம் மாசி), பூரம் நட்சத்திரம் என்று கேட்டால் பொங்காலை என்று தூக்கத்திலும் சொல்வேன். இங்கிலீஷ் தேதியைப் பார்த்து எந்தப் பெண்ணுக்குப் பொங்காலை ஞாபகம் வரும்? ரேஷ்மா எட்டுத் தேதியையும் மாவட்ட விடுமுறைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். தானும் அன்றைக்குக் கிழக்கேகோட்டையில் பொங்காலை போட்டதாகச் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை.

“மேடம் எவிடெயாயிருந்நு?”

நான் எங்கே இருந்தேன்?

மேஜைக்கு அடியில் கணவரின் கால் என் காலை அழுத்தியது. காலையில் சீக்கிரம் முடித்துவிட்டோம், நேரத்தைத் தப்பாக எழுதிவிட்டோம்... சொல்ல எத்தனையோ இருந்தது. வாய் வரவில்லை. போர்டு மீட்டிங்கைப் பற்றிப் பொய் சொல்லலாம். பகவதி அடுப்பைப் பற்றி எப்படிச் சொல்வது?

“ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே” என்றேன். “அடுப்புக்கு முன்னாடி.”

அவர் கால் மெல்ல விலகிக்கொண்டது.

வீடியோ காலை அணைத்தார். பிறகு, “மீட்டிங் நடந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போறுமே” என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “நான் அன்னிக்கு யாருக்காகப் பொங்காலை போட்டேன்னு தெரியுமா? உங்க கம்பெனி நிக்கணும்னுதான் அந்தப் படிக்குக் கீழேயே போய் இடம் பிடிச்சேன். மூணு தெரு தள்ளி நின்னு மோர் ஊத்திண்டிருந்தேள் நீங்க. அதையே மறந்துட்டு நான் மாடியில இருந்தேன்னு எழுதினேளே!”

அதற்கு மேல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எழுதியது அவர் என்றால், ஒப்பு போட்டது நான்தானே?

நான்காம் நாள் மெயில் வந்தது. மரியாதையான நான்கு வரி. தற்போது மேற்கொண்டு செல்ல இயலவில்லை, வாழ்த்துகள். சாயங்காலம் ரேஷ்மா தனியாக எனக்குப் போன் செய்தாள். மீட்டிங் போடாத சின்னக் கம்பெனிகளை வாராவாரம் பார்க்கிறாளாம். ‘நடத்தவில்லை, இனி நடத்துகிறோம்’ என்று ஒரு கடிதம் கொடுத்திருந்தால் போதுமாம், அபராதத்தோடு போயிருக்குமாம். “பொய்ப் பேப்பர் ஒண்ணு கண்டா, பாக்கி பேப்பரை எல்லாம் எப்படி மேடம் நம்பறது?” என்று அரைத் தமிழில் கேட்டாள். நான் நன்றி சொல்லிவிட்டு, சமையலறையில் போய் நின்று அழுதேன்.

இதையெல்லாம் அச்சில் எழுதலாமா என்று கேட்பீர்கள். இனி மறைத்து எதைக் காப்பாற்ற?

ஏழு பேரிடமும் சொன்னோம். ஒருவரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. ஜெபா மட்டும் கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்தாள்.

“அக்கா, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் தருவிய இல்லியா? சேர்ந்த தேதி மட்டும் சரியா போட்டு தாருங்கோ.”

அவளுக்கு மினிட்ஸ் விஷயம் முழுக்கத் தெரியுமா, தெரியாமல் கேட்டாளா... இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை.

கம்பெனியை மூடுவதற்கும் ஒரு போர்டு தீர்மானம் வேண்டுமாம். இந்தத் திங்கட்கிழமை, அதே சாப்பாட்டு மேஜையில், எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவர் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னார் — எப்போது பயம் வந்தது, ஏன் சொல்லவில்லை, எந்தக் கடை முதலில் விலகியது. நான் கவனமாகக் கேட்டேன். பென்சில் குறி இல்லாத இடத்தில் ஒப்பு போட்டேன். மினிட்ஸை நானே எழுதினேன்.

வருகை: இருவர், நிஜமாகவே. நேரம்: காலை எட்டு மணி, நல்ல ராகு காலம்.