வாசலுக்கு வெளியே சொன்ன ‘இல்லை’

போன தை மாதம், பொங்கல் முடிந்த மறு வாரம், நீமாவைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனேன். தூத்துக்குடியில் ஏற்றுமதிச் சரக்குக்குக் ஆவண வேலை பார்த்துக் கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. நீமா தான்சானியாக்காரி; தார் எஸ் சலாமில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறாள். இரண்டு வருடமாக வாட்ஸப்பில்தான் பழக்கம். அதுவரை இடைத்தரகர் மூலம் தீப்பெட்டி வாங்கிக்கொண்டிருந்தவள், இந்த முறை செய்கிறவர்களிடமே நேராக வாங்குவது என்று விமானம் ஏறி வந்துவிட்டாள். வெளிநாட்டு வியாபாரியை இந்தப் பக்கம் அழைத்துவர நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். பாதி பயணக் குறிப்பு, மீதி என் புலம்பல்.

நீமாவின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு ஊரில் (எந்த நாடு, எந்த ஊர் என்று கேட்காதீர்கள்) ஒரு வியாபாரி அவள் கேட்டதற்கெல்லாம் ‘ஆகட்டும், ஆகட்டும்’ என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார். சரக்கு வரவே இல்லை. இருந்த இரண்டு கடைகளில் ஒன்றை மூடினாள். இப்போது சொந்த லேபிளில், கோழியும் குஞ்சும் படம் போட்ட தீப்பெட்டி இறக்கப்போவதாகத் தன் ஊர்க் கடைக்காரர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பங்குனியில் அங்கே பெருமழை தொடங்கிவிடும். அப்புறம் கிராமத்துப் பாதைகளில் லாரி போகாது. ஆகவே மாசி பிறப்பதற்குள் சரக்கு கப்பலேற வேண்டும். இந்தத் தடவையும் ஏமாந்தால் மிச்சக் கடையும் போய்விடும்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். எட்டயபுரம் வழியாக அறுபது கிலோமீட்டர் சொச்சம். வாடகைக் கார், இரண்டு நாளைக்கு ஓட்டுநர் படியோடு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய். தனியாக வருகிறவர்கள் பேருந்திலேயே வரலாம், காசு மிச்சம். மதுரையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ வந்தால் ரயில்தான் சுகம்.

எட்டயபுரம் தாண்டியதும் நீமா வண்டியை நிறுத்தச் சொன்னாள். இரண்டு பக்கமும் கரிசல். சோளமும் உளுந்தும் நின்றன, மண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. இறங்கி விறுவிறுவென்று காட்டுக்குள் நடந்தாள். பத்தடி போவதற்குள் செருப்புக்கு அடியில் மண் அப்பி, ஆளே ஒரு சாண் உயர்ந்துவிட்டாள்.

“அக்கா, அவியள ஏறச் சொல்லுங்க. பெறவு காரெல்லாம் மண்ணாயிரும்லா,” என்றார் ஓட்டுநர் சுடலை.

நீமா ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மாவின் ஊர் ஷின்யாங்கா பக்கம், பருத்தி விளைகிற பூமி. “இதே மண். மழையில் காலை விடாது, வெயிலில் வாய் பிளக்கும்,” என்றாள். கண் கலங்கியிருந்தது. கடல் தாண்டி வந்தவள் அம்மா வீட்டில் நிற்பதுபோல் அங்கே நின்றாள். எனக்கு அவள்மேல் பிரியம் வந்தது அந்த இடத்தில்தான். சுடலைக்கு என்ன வந்தது என்று கேட்காதீர்கள். காரின் கால்மிதியை எடுத்து உதறிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார்.

கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். நானும் பழக்க தோஷத்தில் ‘முதலில் ஆபீஸுக்குப் போகிறோம்’ என்று சொல்லிவிட்டேன். மேசை, நாற்காலி, குளிர்சாதனம் என்று எதிர்பார்த்து வந்தவள், வரிசையாக உட்கார்ந்து பெட்டி அடைக்கும் பெண்களைப் பார்த்துத் திகைத்துப்போனாள். பிறகு அவர்களோடு உட்கார்ந்து அடைத்தும் பார்த்தாள். அவள் ஒரு பெட்டி அடைப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் ஐந்து முடித்துவிட்டுச் சிரித்தார்.

முதலாளி ஆறுமுகம் அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். அவர் தீப்பெட்டி எத்தனையோ நாட்டுக்குப் போயிருக்கிறது. ஆனால் எல்லாம் வேறு யாரோ பெயரில். வாங்குகிறவர் நேரில் வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. மதியம் வீட்டில் சாப்பாடு. நீமா எது கேட்டாலும் அவரே எழுந்து பரிமாறினார்.

சாயங்காலம் கடைத்தெருவில் இருக்கும் அவருடைய கடைக்கு வந்தோம். சாமி படங்களுக்கு முன் அப்போதுதான் விளக்கு ஏற்றியிருந்தார்கள். லேபிள், அட்டைப்பெட்டி, விலை எல்லாம் பேசி முடித்து, கடைசியில் நீமா கேட்டாள்: முழுக் கண்டெய்னருக்கும் வேண்டிய குச்சி இப்போது கையிருப்பில் இருக்கிறதா?

நான் தமிழில் கேட்டேன். அண்ணாச்சி விளக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, “குச்சி நெறஞ்சிருக்கும்மா. லோடு வரணும்,” என்றார்.

நிறைய இருக்கிறது, இன்னும் வேறு வரப்போகிறது என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நீமா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு விடுதியில் (இரட்டை அறை ஆயிரத்து இருநூறு, வெந்நீர் உண்டு) அவள் பாடிக்கொண்டே துணி மடித்தாள்.

மறுநாள் காலை கப்பலில் இடம் பதிய வேண்டும். தீப்பெட்டி அபாயச் சரக்கு, எல்லாக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள்; பதிந்துவிட்டுப் பின்வாங்கினால் தண்டம் கட்ட வேண்டும். பதியும் முன் குச்சியைக் கண்ணால் பார்த்துவிடுகிறேன் என்றாள் நீமா. அண்ணாச்சி தாராளமாகக் கடைக்குப் பின்னாலிருந்த சரக்குக் கிட்டங்கியைத் திறந்துவிட்டார். மூலையில் நாலைந்து மூட்டை. மற்றபடி காலித் தரை.

நீமா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “போகலாம்,” என்றாள்.

“அண்ணாச்சி, என்ன இது? நெறஞ்சிருக்குன்னீங்க!” என்று கத்திவிட்டேன்.

“ஆமா, நேத்தே சொன்னேன்லா? குச்சி நெறஞ்சிருக்கு, கேரளத்துல இருந்து லோடு வந்தாத்தான் வேலைன்னு. நீங்க என்னம்மா இப்படிப் பதறுதீங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டிலும் அரிசி தீர்ந்துவிட்டால் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டோம், ‘நிறைஞ்சிருக்கு’ என்போம். சொன்ன வாய்க்கு ஏற்றபடி வீடும் ஆகிவிடும் என்று ஒரு பயம். அரிசிக்கும் உப்புக்கும் சரி. கண்டெய்னர் கணக்கில் போகிற தீக்குச்சிக்கும் அதையே சொல்வார் என்று யார் கண்டது?

“வெளக்கு வச்ச நேரம். கடைக்குள்ள இருந்துக்கிட்டு அந்த வார்த்தைய எப்படிம்மா சொல்ல?” என்றார். அவர் முகத்தில் சூதே இல்லை.

நீமாவிடம் விளக்கினேன். கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். லேசாகச் சிரித்தாள். “எங்கள் ஊரில் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டோம். ‘பாடோ’ என்போம். இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். கிழவனும் பாடோ என்றுதான் சொல்வான்.” பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “ஆனால் என் பணத்தைக் கொண்டுபோனவரும் கடைசிவரை இல்லை என்று சொல்லவே இல்லை. இவர் நல்லவர் என்று தெரிகிறது. நல்லவர் என்பதை வைத்துக் கப்பலில் இடம் பதிய முடியாது. மாசி பிறப்பதற்குள் முடியுமா, முடியாதா? அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்க வேண்டும்.”

நான் அப்படியே அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கல்லாவைப் பார்த்தார், சாமி படங்களைப் பார்த்தார். எழுந்து, எங்களைத் தாண்டி வாசல்படி இறங்கி, தெருவில் வெயிலில் போய் நின்றார். ஒரு ஆட்டோ ஒதுங்கிப் போயிற்று. அங்கிருந்து, துக்கச் சேதி சொல்கிறவர் மாதிரி தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இல்லம்மா. பூராச் சரக்கும் மாசி பொறக்கதுக்குள்ள ஆகாது. அடுத்த வாரம் குச்சி வந்தாலும் பாதிதான் ஆகும். மிச்சத்துக்கு எங்கிட்ட இப்போ வழி இல்ல.”

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். முதல் சொல் புரிந்துவிட்டது என்று நீமா கையைக் காட்டினாள்; பாதிக் கணக்கை மட்டும் கேட்டுக்கொண்டாள். எழுந்து அவளும் படியிறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள். “பாதி போதும்,” என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஒரு தடவை சொல்லிப் பார்த்ததில் அண்ணாச்சி ருசி கண்டுவிட்டார். விலையைக் குறைக்க முடியுமா என்றாள்; வெயிலில் நின்றபடியே “இல்ல” என்றார். முன்பணத்தைக் குறைக்கலாமா? “இல்ல.” அட்டைப்பெட்டியை அவர் செலவில் தருவாரா? “அதுவும் இல்ல.” ஒவ்வொரு ‘இல்ல’வுக்கும் நீமாவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. வெயில் ஏறி என் தலைதான் காய்ந்தது. பேரம் முழுக்கத் தெருவிலேயே முடிந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. தைக்கும் மாசிக்கும் நடுவே போங்கள். சித்திரையில் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள். கரிசல் காட்டில் இறங்குவதாக இருந்தால் பழைய செருப்பு. கடலைமிட்டாயை ஊருக்குத் திரும்பும் நாளில் வாங்குங்கள், முன்னால் வாங்கினால் ஊர்வரை மிஞ்சாது. கேள்வியை ‘இருக்கா?’ என்று கேட்காமல் ‘எத்தனை மூட்டை இருக்கு?’ என்று கேளுங்கள். முடிந்தால் விளக்கு வைக்கும் முன் கேளுங்கள்.

இரண்டு நாட்டு வியாபாரம் வளர வரி குறைய வேண்டும், துறைமுகத்தில் தாமதம் குறைய வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். என் பிழைப்பே அதில்தான், வேண்டாம் என்பேனா? ஆனால் முடியாததை முடியாது என்று சொன்னால் வாங்க வந்தவர் எழுந்து போய்விடுவார் என்ற பயம் விற்கிறவருக்கு இருக்கும்வரை, அதெல்லாம் வந்தும் பாதி பிரயோசனம்தான்.

பாதிச் சரக்கு மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. பங்குனியில் நீமாவிடமிருந்து செய்தி வந்தது. வேறு வேலையாகக் கோவில்பட்டிக்குப் போனபோது அண்ணாச்சிக்குப் படித்துக் காட்டினேன்.

‘மீதி எங்கே என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். நேராக, இல்லை என்று சொன்னேன். மிகவும் பயந்துகொண்டுதான் சொன்னேன். ஒருவர்கூட விலகிப் போகவில்லை. காத்திருக்கிறார்கள்.’

அண்ணாச்சி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆபீஸுக்குப் போன் போட்டார். “ஏலே, அந்தக் கோழிக்குஞ்சு லேபிள எடுத்து வைங்க. அங்கன ஆளுக காத்துக் கெடக்காவ.”