ஒப்பிட ஒரு குழந்தை

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஸ்கேன் எடுப்பவளைக் குழந்தைகள் ‘டமடம ஆன்ட்டி’ என்று கூப்பிடுவார்கள். இயந்திரம் போடும் சத்தத்துக்கு வைத்த பேர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. பல வருஷம் முதுகு பிடித்தவர்களையும் முட்டி தேய்ந்தவர்களையும் படம் எடுத்துக்கொண்டிருந்தவள், சிறு குழந்தைகளின் மூளையை ஆராயும் டாக்டரம்மாவிடம் வந்த பிறகுதான் பேர் வாங்கினாள். மருந்து எதுவும் கொடுக்காமல், மதியத் தூக்கத்திலேயே குழந்தையை இயந்திரத்துக்குள் படுக்கவைப்பது அவளுக்குக் கைவந்த கலை. அந்த டமடம சத்தத்தை முன்கூட்டியே பெற்றோரின் போனுக்கு அனுப்பி, வீட்டில் போட்டுப் பழக்கச் சொல்லிவிடுவாள். பழகிப்போய், அது இல்லாமல் தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளைகளும் உண்டு.

ஆட்டிசம் உள்ள மூன்று நான்கு வயதுக் குழந்தைகளின் மூளையில் சில ரசாயனங்கள் எந்த அளவில் இருக்கின்றன என்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. இயந்திரம் படம் பிடிப்பதோடு அந்தக் கணக்கையும் சொல்லும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் நிறையவே வந்தார்கள். பஞ்சமெல்லாம் ஒப்பிட வேண்டிய மற்ற குழந்தைகளுக்குத்தான். நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையை எவர் மெனக்கெட்டு மூளை ஸ்கேனுக்குக் கூட்டிவருவார்? அதனால் அங்கே வேலை பார்ப்பவர்களே தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. இவளும் தன் நான்கு வயது மகளைக் கொண்டுவந்தாள். வீட்டில் அவளுக்குப் பட்டாணி என்று பேர்.

பட்டாணி கட்டை போலக் கிடந்து தூங்கினாள். இவ்வளவு சுத்தமான பதிவு இந்த வருஷத்திலேயே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். பெற்றவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கணக்கெல்லாம் வரைபடமாகத் திரைக்கு வந்தபோது ஒவ்வொரு குழந்தையும் ஒரு புள்ளி. பேருக்குப் பதில் எண்தான். ஆனால் எண் போட்டதே இவள்தானே. யாருடையது எது என்று தேடக் கூடாது என்பது விதி. தேடினாள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் புள்ளிகள் பெரும்பாலும் கீழே, மற்றவை பெரும்பாலும் மேலே. பட்டாணியின் புள்ளி கீழ்க் கூட்டத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

நேரே டாக்டரம்மாவிடம் போனாள். “மேடம், குழந்தை அசைஞ்சா கணக்கு தப்பா வரும்ல?”

“வரும். ஆனா உங்க பொண்ணு அசையவே இல்லையே” என்றவருக்கு அப்புறம்தான் விஷயம் புரிந்தது. “பாத்துட்டீங்களா? இதுக்குத்தான் பாக்காதீங்கன்னு சொல்றது. இது கூட்டத்தோட சராசரி. தனியா ஒரு குழந்தையப் பத்தி எதுவும் சொல்லாது. பல குழந்தைங்களுக்கு வளர வளர இந்த வித்தியாசம் கொறஞ்சும் போகுது. ஏன்னு எங்களுக்கே தெரியல.”

“அப்ப அவளுக்கு இருக்கா, இல்லையா மேடம்?”

“மெஷின் அதைச் சொல்லாது. பழகிப் பாத்துதான் சொல்லணும். கவலையா இருந்தா கூட்டிட்டு வாங்க, நானே பாக்கறேன்.”

‘இது வெறும் நம்பர்தாங்க, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க’ என்று எத்தனையோ பெற்றோருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது!

கூட்டிப்போகவும் பயம், விடவும் பயம். தானே அறிகுறி தேடிப் பார்த்துவிடலாம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். பட்டாணி செருப்புகளை வரிசையாக அடுக்கினாள். போன வாரம்வரை அது பொறுப்பு, இப்போது என்னவென்று தெரியவில்லை. சட்டைக் காலர் குத்துகிறது என்றாள். இவளுக்கும் சின்ன வயதில் குத்தும். அப்படியென்றால் தனக்குமா? இன்னொன்றும் அவளைக் குடைந்தது. ஸ்கேனுக்கு வரும் அந்தப் பிள்ளைகளை எத்தனை ஆசையாகத் தூக்கிக் கொஞ்சியிருக்கிறாள். தன் பிள்ளை அவர்களில் ஒருத்தி என்றால் மட்டும் ஏன் இப்படி உதறுகிறது? வெட்கமாக இருந்தது, உதறல் மட்டும் நிற்கவில்லை.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா என்பதைத்தான் டாக்டர்கள் முதலில் கவனிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கூப்பிட்டாள். பட்டாணி திரும்பினாள். அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா கொஞ்ச நேரம்தான் தாங்கியது. சமையலறையிலிருந்து கூப்பிட்டாள், கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள், சன்னக் குரலில் கூப்பிட்டாள். குழந்தை திரும்பியது, திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கணவன் பொறுத்துப் பார்த்தான். “என்ன நீ, புதுசா வண்டி எடுத்தவன் ஹாரன் அடிக்கிற மாதிரி கூப்பிட்டுக்கிட்டே இருக்க?”

விஷயத்தைச் சொன்னாள். அவன் யோசித்தான். “சராசரிய விட நான் குள்ளம். அதுக்காக நான் என்ன, சின்னப் பையனா?”

“அது வேறங்க, இது வேற” என்றாள்.

விடுமுறை நாள் ஒன்றில் பட்டாணி கூடத்துத் தரையில் பாத்திர மூடிகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். இவள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டாள். அப்போதும் இல்லை. ஓடிப்போய் எதிரே மண்டியிட்டாள்.

“அம்மா கூப்பிட்டது காதுல விழலையாடா கண்ணு?”

“விழுந்துச்சு.”

“அப்புறம் ஏன் திரும்பல?”

பட்டாணி ஒரு மூடியை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தாள். “திரும்புனா நீ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குற. சும்மா பாக்குற.”

அம்மா அப்போதும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.